சார்ஜ் எங்கே போகிறது?

சின்ன லேப்டாப் ஒன்றில் சார்ஜ் நிற்கவில்லை என்றால் வீட்டில் எல்லோர் வாயிலும் முதலில் வருவது "பேட்டரி போச்சு" என்பதுதான். கடைக்குக் கொண்டுபோனாலும் பல நேரம் அதே தீர்ப்புதான். தொழிற்பயிற்சி நிலையத்தில் எலெக்ட்ரானிக்ஸ் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். பழுதென்று மேசைக்கு வரும் எந்தப் பொருளையும் எடுத்தவுடனே 'போச்சு' என்று சொல்ல என் மாணவர்களை விட்டதில்லை. எங்கே போகிறது, எவ்வளவு போகிறது என்று முதலில் சொல், போச்சா இல்லையா என்பதை அப்புறம் பேசலாம் என்பேன். வேலையை விட்டு வந்த பிறகும் இந்தப் பழக்கம் என்னை விடவில்லை. பொருள்களோடு மட்டும் நிற்கவும் இல்லை.

சார்ஜ் நிற்கவில்லை என்ற ஒரே புகாருக்குப் பின்னால் நாலு விதமான குறை இருக்கலாம். மின்சாரம் பேட்டரிக்குப் போய்ச் சேராமலே இருக்கலாம். போய்ச் சேர்ந்ததை வைத்துக்கொள்ள பேட்டரிக்குத் தெம்பு இல்லாமல் இருக்கலாம். பேட்டரி வைத்திருப்பதை லேப்டாப்பே நமக்குத் தெரியாமல் தின்றுகொண்டிருக்கலாம். இல்லையென்றால் திரையில் தெரியும் சதவீதக் கணக்கு தப்பாக இருக்கலாம். நாலுக்கும் வைத்தியம் வேறு, செலவும் வேறு. முதல் குறைக்கு ஒரு வயர் போதும். மூன்றாவதுக்குக் காசே வேண்டாம். ஆனால் நாலுக்கும் சேர்த்து நாம் புது பேட்டரிதான் வாங்குகிறோம்.

எங்கள் தெருக்கோடி வீட்டுப் பெண் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அவளுடைய தாய்மாமா பழையதாக வாங்கிக் கொடுத்த பதினோரு அங்குலத் திரை லேப்டாப் அவளிடம் இருக்கிறது. 2011 செப்டம்பரில் தமிழக அரசு பிளஸ் டூ மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் எங்கள் பக்கத்துப் பல வீடுகளுக்குள் லேப்டாப் என்ற பொருளே நுழைந்தது. அந்த வீடுகளில் அது சும்மா ஒரு சாமான் இல்லை. அண்ணன் படித்து முடித்தால் தம்பிக்கு, தம்பி முடித்தால் சித்தி மகளுக்கு என்று கைமாறிப் போகும். அதனால் "வேற வாங்கிக்க வேண்டியதுதான்" என்று யாராவது லேசாகச் சொன்னால் எனக்குப் பிடிப்பதில்லை. இந்தப் பெண்ணிடமும் ஒரு கடையில் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள். "ராத்திரி பூரா சார்ஜ் போட்டாலும் காலையில பாதிதான் இருக்கு தாத்தா. அதுவும் அரை மணி நேரத்துல அணைஞ்சு போகுது" என்றாள்.

கவனித்துக் கேட்டால் இதில் இரண்டு புகார் இருக்கிறது. ராத்திரி முழுவதும் போட்டும் பாதிதான் ஏறியிருக்கிறது என்பது ஒன்று. ஏறியதும் நிற்கவில்லை என்பது இன்னொன்று. இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னதால் ஒரே காரணம் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

முதலில் அடாப்டரைப் பார்த்தோம். அதன் முதுகில் 19 வோல்ட், 2.1 ஆம்பியர் என்று அச்சிட்டிருந்தது. மல்ட்டிமீட்டரின் சிவப்பு முனையைப் பின்னின் உள்துளையிலும் கறுப்பு முனையைப் பின்னின் வெளிப்பக்கத்திலும் வைக்கச் சொன்னேன். பத்தொன்பதுக்குச் சற்று மேலே காட்டியது. "சரியாத்தானே தாத்தா இருக்கு?" என்றாள். முனைகளை எடுக்காமல், பின்னுக்கு இரண்டு விரற்கடை தள்ளி வயரை மெதுவாக வளைக்கச் சொன்னேன். எண் சட்டென்று பூஜ்யமானது. நிமிர்த்தினால் மறுபடி பத்தொன்பது. பையில் வைக்கும்போதெல்லாம் வயரை அடாப்டரைச் சுற்றி இறுக்கிக் கட்டியதில், பின்னுக்குப் பக்கத்தில் உள்ளே இருக்கும் செம்பு இழைகள் அறுந்திருக்கின்றன. மேலே ரப்பர் பளபளவென்று இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ராத்திரியில் புரண்டு படுத்தபோது கட்டிலில் இருந்த வயர் அசைந்திருக்கும், சார்ஜ் நின்றிருக்கும். இதற்கு பேட்டரியைக் குறை சொல்லி என்ன பயன்? பின்னோடு சேர்ந்த புது வயர் ஒன்றை வாங்கி, கறுப்பு சிவப்பு மாறாமல் பற்றவைத்துக் கொடுத்தேன். முழு அடாப்டரே மாற்ற வேண்டியிருந்தால் வோல்ட் அதேயாக இருக்க வேண்டும். ஆம்பியர் அதேயளவோ கூடவோ இருக்கலாம், குறையக் கூடாது. சில கம்பெனி லேப்டாப்களில் பின்னுக்கு நடுவே மெல்லிய ஊசி ஒன்று இருக்கும். அடாப்டர் தன்னுடையதுதானா என்று லேப்டாப் அதன் வழியாகத்தான் விசாரிக்கும். அந்த ஊசி வளைந்துவிட்டால் லேப்டாப் ஓடும், பேட்டரி மட்டும் ஏறாது.

அடுத்து பேட்டரியைக் கழற்றிவிட்டு அடாப்டரில் மட்டும் லேப்டாப்பை ஓட்டினோம். தடங்கல் இல்லாமல் ஓடியது. உள்ளே இருக்கும் போர்டும் ஜாக்கும் நன்றாக இருக்கின்றன என்று அதிலேயே தெரிந்துவிட்டது. இன்றைய லேப்டாப்களில் பேட்டரியை உள்ளே திருகாணி போட்டு மூடிவிடுகிறார்கள், இப்படிக் கழற்றிப் பார்க்க வழியில்லை. பின்பக்கத்தில் இரண்டு தாழ்ப்பாளைத் தள்ளினால் கையோடு வந்துவிடும் பழைய அமைப்பு எவ்வளவு நல்ல அமைப்பு என்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்கிறேன். தன் பொருளில் என்ன குறை என்று ஒரு சாதாரணப் பெண் தானே கண்டுபிடிக்க அது இடம் கொடுத்தது.

மூன்றாவது சோதனையை அவளையே செய்யச் சொன்னேன். ஒரு ராத்திரி முழுச் சார்ஜில் மூடியை மட்டும் சாத்தி வைத்தாள். விடிந்து பார்த்தால் கால்வாசி குறைந்திருந்தது. மறுநாள் முறைப்படி ஷட்டவுன் செய்து, பேட்டரியைத் தனியாகக் கழற்றி மேசைமேல் வைத்தாள். காலையில் மாட்டியபோது வைத்தது வைத்தபடி இருந்தது. பேட்டரி சும்மா கிடந்து ஒழுகவில்லை. மூடியைச் சாத்தினால் தூங்குவதாக நாம் நினைக்கும் லேப்டாப், மெமரியை விழிப்பில் வைத்துக்கொண்டு, நடுநடுவே வைஃபை வழியாக எழுந்து அப்டேட் தேடிக்கொண்டிருந்தது. மூடி சாத்தினால் ஹைபர்னேட் ஆகும்படி செட்டிங்கை மாற்றினோம். ஒரு பைசா செலவில்லை.

ஒன்றை முடித்து விடை கண்ட பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும். அடாப்டரையும் மாற்றி, செட்டிங்கையும் மாற்றி, பேட்டரியையும் மாற்றிவிட்டால் லேப்டாப் சரியாகிவிடும்தான். ஆனால் எது குறை என்று கடைசிவரை தெரியாது. அடுத்த வருஷம் அதே தொல்லை வரும்போது மறுபடி முதலிலிருந்து மூன்றையும் மாற்றிக்கொண்டிருப்போம்.

பிள்ளைகள் விஷயத்தில் நாம் இதைத்தான் செய்கிறோம் என்பதை வகுப்பறையில் இருந்த காலத்தில் திரும்பத் திரும்பப் பார்த்தேன். "என்ன சொன்னாலும் இவன் மண்டையில நிக்கமாட்டேங்குது சார்" என்று கையோடு பையனைக் கூட்டிக்கொண்டு வந்து நிற்பார் அப்பா. டியூஷனை மாற்றியிருப்பார், பள்ளியை மாற்றியிருப்பார், விளையாட்டை நிறுத்தியிருப்பார். எல்லாவற்றையும் ஒன்றாகச் செய்திருப்பார். அப்படி வந்த ஒருவனுக்குக் கரும்பலகை எழுத்தே சரியாகத் தெரியவில்லை. பக்கத்துப் பையனின் நோட்டைப் பார்த்து எழுதியே பத்தாம் வகுப்புவரை ஓட்டியிருக்கிறான். கண்ணாடி போட்ட பிறகு அவனுக்குப் புரியாத பாடமே இல்லை. பாடம் அவனிடம் போய்ச் சேர்ந்ததில்லை, நிற்பது எப்படி? இன்னொருவன் விடியற்காலை மூன்றரை மணிக்கு எழுந்து பால் வண்டியில் போய்விட்டு வகுப்புக்கு வருவான். மதியத்துக்கு மேல் அவனிடம் எதுவும் மிஞ்சாது. மூன்றாமவன்தான் என் மனசை அதிகம் கஷ்டப்படுத்தியவன். சர்க்யூட்டைக் கையில் கொடுத்தால் எங்கே அறுந்திருக்கிறது என்று நொடியில் விரலை வைப்பான். பரீட்சைத் தாளில் அதை நாலு வரி எழுத வராது. மதிப்பெண் முப்பதைத் தாண்டாது. வீட்டில் அவனை மக்கு என்றே கூப்பிட்டார்கள். அவனிடம் இருந்ததை அளந்த கருவிதான் தப்பு.

பேட்டரி விஷயத்தில் அந்த அளக்கும் கருவி எது என்பதையும் சொல்லிவிட வேண்டும். திரையில் 43 சதவீதம் என்று காட்டுவது, தண்ணீர்த் தொட்டிக்குள் குச்சியை விட்டுப் பார்ப்பது போன்ற நேரடி அளவு இல்லை. பேட்டரிக்குள் சின்ன சிப் ஒன்று உட்கார்ந்து, உள்ளே வந்த மின்சாரம் எவ்வளவு, வெளியே போனது எவ்வளவு என்று வரவு செலவு எழுதிக்கொண்டிருக்கிறது. முழுவதும் நிரம்பியதையும் நன்றாகத் தீர்ந்ததையும் மாதக்கணக்கில் பார்க்காவிட்டால் அந்தக் கணக்கு மெல்ல மெல்ல வழுவும். இந்தப் பெண்ணின் லேப்டாப் 43 சதவீதத்தில் திடீரென்று அணைந்தது. கணக்கைத் திருத்த ஒரு வழி உண்டு: முழுச் சார்ஜ் ஏற்றி, ஓரிரண்டு மணி நேரம் ஆறவிட்டு, தானாக அணையும்வரை ஓட்டி, மறுபடி இடையில் நிறுத்தாமல் முழுவதும் ஏற்ற வேண்டும். எப்போதாவது ஒருமுறை செய்தால் போதும். அடிக்கடி செய்தால் பேட்டரிக்குக் கெடுதல். இதனால் பேட்டரிக்குப் புது பலம் வந்துவிடாது, உண்மை நிலவரம் தெரியும். அவ்வளவுதான்.

தெரிந்தது. விண்டோஸில் கட்டளைத் திரையைத் திறந்து 'பவர்சிஎஃப்ஜி' என்ற கட்டளையோடு 'பேட்டரிரிப்போர்ட்' என்று கேட்டால் ஓர் அறிக்கை வரும். விண்டோஸ் 8 முதல் இந்த வசதி இருக்கிறது. அதில் இரண்டே எண்களைப் பார்த்தால் போதும். செய்தபோது இருந்த கொள்ளளவு, இப்போது முழுதாக ஏற்றினால் கொள்ளும் அளவு. இவளுடையதில் முதல் எண் 23,760 மில்லிவாட் மணி. இரண்டாவது 9,100. அதாவது நூற்றுக்கு முப்பத்தெட்டு. வயரைச் சரிசெய்தாகிவிட்டது, ராத்திரிக் கசிவை நிறுத்தியாகிவிட்டது, கணக்கைத் திருத்தியாகிவிட்டது. இப்போது சொல்லலாம், பேட்டரி தளர்ந்திருக்கிறது என்று. எட்டு வாட் செலவழிக்கும் அந்தச் சின்ன லேப்டாப் புதிதில் மூன்று மணி நேரம் ஓடியிருக்கும். இப்போது ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம் ஓடும்.

ஏன் தளர்கிறது? அந்த பேட்டரியின் மேல் 10.8 வோல்ட் என்று போட்டிருக்கும். உள்ளே 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் உள்ள உருளைச் செல்கள் மூன்று, ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருக்கும். கட்டட வேலையில் சித்தாள்கள் வரிசையாக நின்று செங்கல் கைமாற்றும்போது ஒருவர் சோர்ந்தால் வரிசையே நின்றுவிடுகிற மாதிரி, மூன்றில் ஒரு செல் தாழ்ந்தாலும் சிப் மொத்தத்தையும் நிறுத்திவிடும். மற்ற இரண்டில் தெம்பு மிச்சம் இருந்தாலும் பயனில்லை. ஒவ்வொரு செல்லும் 4.2 வோல்ட் வரை நிரம்பும். அதிலுள்ள லித்தியம் அயனிகள் சார்ஜ் ஏறும்போது கிராஃபைட் பக்கம் போகின்றன, செலவாகும்போது திரும்பி வருகின்றன. முதல் சார்ஜின்போதே கிராஃபைட்மேல் மெல்லிய படலம் ஒன்று படிகிறது. அது செல்லுக்குக் காவல். ஆனால் அது வருஷாவருஷம் தடித்துக்கொண்டே போய், கொஞ்சம் கொஞ்சமாக லித்தியத்தைத் தன்னிடமே கட்டிப்போட்டுவிடும். வெயில் கூடக்கூட, சார்ஜ் நிறைந்தபடி இருக்க இருக்க, இது வேகமாக நடக்கும். முழுச் சார்ஜோடு 25 டிகிரியில் ஒரு வருஷம் சும்மா கிடந்த லித்தியம் செல்லில் சுமார் 80 சதவீதக் கொள்ளளவு மிஞ்சும். அதுவே 40 டிகிரியில் சுமார் 65தான். நாற்பது சதவீதச் சார்ஜில் வைத்திருந்தால் அதே 40 டிகிரி வெப்பத்திலும் சுமார் 85 மிஞ்சும். திருச்சியிலும் வேலூரிலும் மே மாதம் வீட்டுக்குள்ளேயே என்ன வெப்பம் என்று நமக்குத் தெரியும். அந்த வீட்டில் லேப்டாப்பைத் தலையணைமேல் வைத்து, அடியில் இருக்கும் காற்றுத்துளையை அடைத்து, பகல் முழுவதும் நூறு சதவீதத்தில் செருகி வைக்கிறோம். பல லேப்டாப்களில் அறுபது அல்லது எண்பது சதவீதத்தோடு சார்ஜை நிறுத்திக்கொள்ளும் வசதி இருக்கிறது. எப்போதும் பிளக்கிலேயே வைத்து வேலை செய்கிறவர்கள் அதைப் போட்டுவிட வேண்டும்.

என் வயதுக்காரர்களிடம் இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். "சுத்தமா தீர்ந்த பிறகுதான் சார்ஜ் போடணும்" என்று பேரப்பிள்ளைகளிடம் சொல்கிறோமே, அந்த அறிவுரை ஒரு காலத்தில் சரிதான். நாம் பழகிய நிக்கல் காட்மியம் செல்கள் அப்படிப்பட்டவை. பாதியிலேயே ஏற்றி ஏற்றிப் பழக்கினால் அந்தப் பாதிக்கு மேல் கொடுக்க மாட்டேன் என்று அவை அடம்பிடித்ததுண்டு. லித்தியத்துக்கு அந்தக் குணம் கிடையாது. அடியோடு தீர்ப்பதுதான் அதற்கு ஆகாது. ஒரு செல் இரண்டரை வோல்ட்டுக்கும் கீழே போய் அப்படியே மாதக்கணக்கில் கிடந்தால் உள்ளே செம்புத் தகடு கரையத் தொடங்கும். பாதுகாப்புச் சுற்று அதை மறுபடி சார்ஜ் ஏற்ற விடாது. பரீட்சை முடிந்ததும் தீர்ந்த நிலையில் பீரோ மேல் ஏற்றிய எத்தனையோ லேப்டாப்கள் அப்படித்தான் செத்திருக்கின்றன. நம்முடைய அனுபவம் பொய்யில்லை. அது வேறொரு செல்லைப் பற்றியது. பெரியவர்கள் சொல்கிறோம் என்பதற்காகப் பிள்ளைகள் மறுபேச்சுப் பேசாமல் கேட்டுக்கொள்ளும் வீடுகளில் இந்த வித்தியாசத்தை நாமே தெரிந்து சொல்வதுதான் அவர்களுக்குச் செய்யும் நியாயம்.

வயதாகிவிட்டது, புதிதாக என்ன கற்க என்று கேட்பவர்களுக்கு இந்த பேட்டரியின் சரித்திரத்திலேயே பதில் இருக்கிறது. ஸ்டான்லி விட்டிங்ஹாம் 1970களில் லித்தியம் பேட்டரிக்கு வழி திறந்தார். ஜான் குட்இனஃப் 1980இல் ஆக்ஸ்ஃபோர்டில் கோபால்ட் ஆக்சைடைக் கொண்டுவந்து அதன் வோல்ட்டை உயர்த்தினார். ஆபத்தான லித்தியம் உலோகத் தகட்டை விட்டுவிட்டு 1985இல் கரியை வைத்துக் காட்டினார் ஜப்பானின் அகிரா யோஷினோ. 1991இல் சோனி அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. கோபால்ட் ஆக்சைடு வேலை வெளிவந்தபோது குட்இனஃபுக்கு ஐம்பத்தேழு, ஐம்பத்தெட்டு வயது. நம்மில் பலர் ஓய்வூதியக் கணக்குப் போடும் வயது. மூவருக்கும் 2019இல் வேதியியல் நோபல் கிடைத்தபோது அவருக்கு 97. நோபல் பெற்றவர்களிலேயே அவர்தான் மூத்தவர். தொண்ணூறு தாண்டியும் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் அடுத்த தலைமுறை பேட்டரிக்காக வேலை செய்துகொண்டிருந்தார். 2023இல், நூறு வயதில்தான் மறைந்தார்.

முப்பத்தெட்டு சதவீதம் என்று தெரிந்ததும் அந்தப் பெண்ணின் முகம் வாடிவிட்டது. "அப்ப கடைக்காரர் சொன்னதுதானே சரி?" என்றாள். முடிவு ஒன்றாக இருக்கலாம். ஆனால் அன்றைக்கே வாங்கியிருந்தால் புது பேட்டரியும் அறுந்த வயரில்தான் ஏறியிருக்கும், ராத்திரிதோறும் கசிந்திருக்கும், ஒரு மாதத்தில் "இதுவும் போச்சு" என்று வந்து நின்றிருப்பாய் என்றேன். அதோடு, உடனே வாங்கியே ஆக வேண்டிய கட்டாயமும் இப்போது இல்லை. ஒரு மணி நேரம் நிற்கும் என்று தெளிவாகத் தெரிந்துவிட்டால் அதற்குத் தக்கபடி நாளை அமைத்துக்கொள்ளலாம். பிளக் பாயின்ட் இருக்கும் பெஞ்சில் உட்காரலாம். கரண்ட் போனாலும் எழுதியதைச் சேமித்து மூட ஒரு மணி நேரம் தாராளம். நானும் அப்படித்தான் இருக்கிறேன். முன்போல நாள் முழுக்க நின்று பாடம் எடுக்க உடம்பில் வலுவில்லை. காலையில் இரண்டு மணி நேரம் நன்றாக இருக்கிறேன். கடினமான வேலைகளை அந்த இரண்டு மணி நேரத்தில் முடித்துக்கொள்கிறேன். முப்பது வயதில் என்னால் முடிந்ததைக் கணக்கில் வைத்து ஏங்கிக்கொண்டிருந்தால் இந்த இரண்டு மணி நேரமும் வீணாகியிருக்கும்.

செமஸ்டர் முடிந்து கையில் காசு சேர்ந்ததும் வாங்கப் போனாள். சென்னை ரிச்சி தெருவில் கிடைக்காத லேப்டாப் பேட்டரி இல்லை என்பார்கள். ஆனால் எந்த ஊர்க் கடையானாலும் பார்க்க வேண்டியவை ஒன்றுதான். பழைய பேட்டரியின் பார்ட் நம்பரும் வோல்ட்டும் பொருந்த வேண்டும். பி.ஐ.எஸ். முத்திரையும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். அதே அளவுள்ள பெட்டிக்குள் இரண்டு மடங்கு கொள்ளளவு என்று எழுதியிருந்தால் நம்ப வேண்டாம். செய்த தேதியைக் கட்டாயம் பார்க்க வேண்டும், மூன்று வருஷம் அலமாரியில் கிடந்த புது பேட்டரி புதிதே இல்லை. உள்ளே செல்லை மட்டும் மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நான் சம்மதிக்க மாட்டேன். செல்களை நிக்கல் பட்டையால் ஸ்பாட் வெல்டிங் செய்து இணைக்க வேண்டும். சாதாரணமாகப் பற்றவைத்தால் சூட்டிலேயே செல் கெடும், தீப்பிடிக்கவும் கூடும். டச்பேட் மேலே எழும்பியோ அடிப்பக்கம் உப்பியோ இருந்தால் சோதனை எதுவும் வேண்டாம், அன்றோடு அந்த பேட்டரிக்குச் சார்ஜ் போடுவதை நிறுத்திவிட வேண்டும். குத்தவோ அழுத்தவோ கூடாது. பழையதைக் குப்பையில் போடுவதும் எரிப்பதும் தெருவில் குப்பை அள்ளுகிறவர்களின் உயிரோடு விளையாடுவது. 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பழைய பேட்டரிகளைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள்மேல் வைத்திருக்கின்றன. வாங்கும் கடையிலேயே பழையதை எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

புது பேட்டரியோடு வந்தவள், நான் சொல்லாமலேயே முதலில் அறிக்கையை எடுத்துப் பார்த்து, எண்ணைத் தன் நோட்டில் தேதி போட்டுக் குறித்துக்கொண்டாள். மே விடுமுறைக்குப் பாட்டி ஊருக்குப் போகிறாளாம், லேப்டாப்பை எப்படி வைத்துவிட்டுப் போவது என்று கேட்டாள். பாதிச் சார்ஜில் அணைத்து, பேட்டரியைத் தனியே கழற்றி, மொட்டைமாடி வெயில் இறங்காத கீழ் அறை அலமாரியில் வைக்கச் சொன்னேன். திரும்பி வர மூன்று மாதத்துக்கு மேல் ஆகும் என்றால் நடுவில் அம்மாவிடம் சொல்லி ஒருமுறை மாட்டி, மறுபடி பாதிவரை ஏற்றி வைக்கச் சொல் என்றேன்.